ஜாங் நிங்: கோர்ட் ஓரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சாயங்காலம் ஷட்டில் ஆடி முடித்து, கோர்ட் ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு வரும். லின் டான், லீ சோங் வெய், தௌஃபிக் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். நான் ஜாங் நிங் என்று சொன்னால் மட்டும் ஒரு சின்ன அமைதி. அப்புறம் கேள்விகள். கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட மாதிரியே எழுதிவைத்துப் பதிலும் சேர்த்துவிட்டேன். வரிசையாகப் படிப்பது நல்லது, பின்னால் வரும் பதில்களில் சில முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

யாருங்க இந்த ஜாங் நிங்? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

சீனாவுக்காகப் பெண்கள் ஒற்றையர் ஆடிய பேட்மிண்டன் வீராங்கனை. 1975 மே 19 அன்று, வடகிழக்குச் சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் ஜின்ஜோவ் நகரில் பிறந்தவர். 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் என்று அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வாங்கியவர். 2024 பாரிஸ் வரைக்கும் கணக்கெடுத்தால், பெண்கள் ஒற்றையரில் இரண்டு தங்கம் வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் நான் இவர் பேச்சை எடுப்பது தங்கத்துக்காக இல்லை, வயதுக்காக. 1992-ல் பேட்மிண்டன் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அன்றிலிருந்து சூசி சுசாந்தி, பாங் சூ-ஹியுன், கோங் ஜிசாவ், லி ஷுவேருய், கரோலினா மரின், சென் யூஃபே, ஆன் செ-யங் என்று மற்ற ஏழு பேர் இந்தத் தங்கத்தை வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் அன்றைக்கு வயது 21, 22 அல்லது 23. ஜாங் நிங்குக்கு முதல் தடவை 29, இரண்டாம் தடவை 33.

பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவுல உறுதிமொழி எடுத்தாங்களே, அவங்கதானே?

இல்லை. அது ஜாங் யினிங், டேபிள் டென்னிஸ் ஆடியவர். இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். நம் இனிஷியல் முன்னால் நிற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாங் என்பது அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் குடும்பப் பெயர். அந்தத் தொடக்க விழாவை வடிவமைத்த இயக்குநரும் ஒரு ஜாங்தான், ஜாங் யிமோ. நம்முடைய ஜாங் நிங் வந்தது நிறைவு விழாவில், சீனக் கொடியைப் பிடித்துக்கொண்டு.

இன்னொன்று. பேட்மிண்டனைச் சிலர் பூப்பந்து என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கம்பளிப் பந்தில் ஐந்து பேர் ஆடும் ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் இங்கே பேட்மிண்டன் அல்லது ஷட்டில்.

மொத்தமா என்னென்ன ஜெயிச்சிருக்காங்க?

ஒலிம்பிக் தங்கம் இரண்டு. உலக சாம்பியன்ஷிப் ஒற்றையரில் ஐந்து பதக்கம்: 2001-ல் வெண்கலம், 2003-ல் தங்கம், 2005-லும் 2006-லும் வெள்ளி, 2007-ல் வெண்கலம். இது போக, ஊபர் கோப்பையை சீனா 1998 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை வென்ற காலத்து அணியில் இருந்தவர். ஊபர் கோப்பை என்றால் பெண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி. ஆண்களுக்குத் தாமஸ் கோப்பை மாதிரி. ஒரு சந்திப்பில் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர்; ஐந்தில் மூன்றை எடுக்கும் அணிக்கு வெற்றி.

பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உலக சாம்பியன்ஷிப்பில் முதல் பதக்கமே 26 வயதில்தான் வருகிறது. இவரோ 1990-களின் தொடக்கத்திலேயே தேசிய அணிக்குள் வந்துவிட்டவர்.

1994-ல ஒரு 14 வயசுப் பொண்ணுகிட்ட தோத்தாங்களாமே? என்னதான் நடந்துச்சு?

1994 மே, ஜகார்த்தா. ஊபர் கோப்பை இறுதி ஆட்டம், இந்தோனேசியாவும் சீனாவும். 1984-லிருந்து 1992 வரை ஐந்து முறை விடாமல் கோப்பையை வைத்திருந்த அணி சீனா. நான்கு ஆட்டம் முடிந்தபோது 2-2. மிச்சம் இருந்தது மூன்றாவது ஒற்றையர் ஒன்றுதான். அந்த இடத்தில் பெரும்பாலும் அணியில் இளையவர்களைத்தான் போடுவார்கள், விவகாரம் அதுவரைக்கும் வராது என்ற நம்பிக்கையில். வந்துவிட்டது. சீனா இறக்கியது 19 வயது ஜாங் நிங்கை. இந்தோனேசியா இறக்கியது மியா அவுதினாவை; 15 கூட நிறையாத சிறுமி.

மூன்று கேமில் இரண்டை எடுப்பவருக்கு ஆட்டம். முதல் கேம் ஜாங் நிங்குக்கு 7-11 என்று போனது. இரண்டாவதை ஜாங் நிங் 12-10 என்று இழுத்துப் பிடித்தார். மூன்றாவதில் 4-11. ஜகார்த்தா ரசிகர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் ஆள் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அரங்கமே சேர்ந்து குரல் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் தன்னைவிட நான்கு வயது சின்னப் பிள்ளையிடம் தோற்று, கோப்பையும் கைவிட்டுப் போனது.

கோப்பையைத் தொலைத்தவர் என்று இவர் பெயர்தான் நின்றது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. அன்றைக்கு சீனா தோற்ற ஆட்டம் மூன்று. சூசி சுசாந்தியிடம் யே ஜாவோயிங் தோற்றதும் அதே கணக்கில்தான் சேர்கிறது. ஆனால் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போட்டவர் மேல்தான் பழி விழும் இல்லையா, அதே கதைதான்.

அதுக்கப்புறம் ஏன் பத்து வருஷம் ஆளையே காணோம்?

ஆள் இருந்தார், முன்வரிசையில் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவர் இல்லை. 2000 சிட்னியிலும் இல்லை. 1994-க்கான தண்டனை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதைவிட எளிமையான காரணம் போதுமானதாகத் தெரிகிறது: முன்னால் நின்றவர்கள் அப்படிப்பட்டவர்கள். யே ஜாவோயிங் 1995, 1997 இரண்டு ஆண்டும் உலக சாம்பியன். கோங் ஜிசாவ் ஜாங் நிங்கைவிட இரண்டரை வயது இளையவர், சிட்னியில் தங்கம் வாங்கியவர். மூன்றாவது இடத்தில் தாய் யுன். சிட்னிக்குப் போனது இந்த மூன்று பேர்.

ஜாங் நிங்குக்கு அப்போது 25. முதல் பதிலில் சொன்ன வயதுக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் 25 வயதில் ஒரு ஒலிம்பிக்கைத் தவறவிட்டால், அடுத்ததற்கு 29 ஆகிவிடும். அதுவரை யாரும் அந்த வயதில் வென்றதே இல்லை.

அவ்வளவு வருஷம் மேலே ஏத்தலைன்னா, டீமை விட்டே அனுப்பியிருக்கலாமே?

சீன முறையில் இது வழக்கமான விஷயம். மாகாண அணியிலிருந்து தேசிய அணிக்கு வருவார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே விடுதி, ஒரே பயிற்சிக்கூடம், காலை மாலை ஒன்றாகவே பயிற்சி. முதல் இடத்தில் இருப்பவர் தயாராக வேண்டும் என்றால் அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்க நல்ல ஆள் வேண்டும். அதனால் உலகத்தில் முதல் ஐந்துக்குள் வரக்கூடிய திறமை உள்ள ஒருவர், வெளியே அதிகம் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பது அங்கே நடக்கும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது, மறுக்கவில்லை. வேறு எந்த நாட்டிலாவது பிறந்திருந்தால் இவர் 21 வயதிலேயே ஒலிம்பிக் ஆடியிருப்பார். ஆனால் அதே முறையின் இன்னொரு பக்கம், உலகத்தின் மிகச் சிறந்தவர்களோடு தினமும் ஆட வேறெங்கே வாய்ப்புக் கிடைக்கும்? வெளியே பெயர் இல்லாத அந்த வருடங்களில்தான் அவருடைய ஆட்டம் முதிர்ந்தது என்பது என் எண்ணம்.

சரி, 28 வயசுல திடீர்னு எப்படி உலக சாம்பியன் ஆனாங்க?

திடீரென்று இல்லை. சிட்னிக்குப் பிறகு முந்தைய வரிசை மெல்ல விலகியது. 2001-ல் செவில் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். அந்த ஆண்டு தங்கம் வாங்கியது கோங் ருய்னா, 20 வயதுக்காரர். இரண்டு ஆண்டு கழித்து 2003-ல் பர்மிங்காம் இறுதி ஆட்டத்தில் அதே கோங் ருய்னாவை ஜாங் நிங் 11-6, 11-3 என்று வென்றார். தன்னைவிட ஐந்தரை வயது இளையவர், அதுவும் நடப்பு சாம்பியன், இரண்டு கேமிலும் சேர்த்து ஒன்பது பாயின்ட்தான் எடுக்க முடிந்தது.

அவங்க ஆட்டம் எப்படி இருக்கும்? பெரிய ஸ்மாஷரா?

உயரம் இருந்தது, கிட்டத்தட்ட 175 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்மாஷை மட்டுமே நம்பி ஆடியிருக்கலாம். அவர் ஆடியது வேறு மாதிரி.

ஒரு ராலியை, அதாவது காக் (இறகுப் பந்து) தரையில் விழும்வரை இருவரும் மாறி மாறி அடிப்பதை, கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒற்றையரில் ஒருவர் காக்க வேண்டிய இடம் 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். ஜாங் நிங் முதலில் எதிராளியின் பின்மூலைக்கு உயரமாக ஒரு டாஸ் போடுவார். அங்கிருந்து காக் திரும்பி வரும்போது, மறுபடி டாஸ் போடப் போகிற அதே தோள் திருப்பம், அதே கை உயரம். காக் மீது ராக்கெட் படும் கணத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுவார். காக் குறுக்காக நெட் ஓரத்தில் போய் விழும். பின்மூலையில் நிற்பவர் எதிர்ப்பக்கத்து முன்மூலைக்கு வர வேண்டும், மூலைவிட்டமாக எட்டு மீட்டருக்கு மேல். ஓடி வந்து எடுத்தால், அடுத்தது மறுபடியும் பின்மூலை.

இப்படி மூன்று நான்கு தடவை ஆனதும், எதிராளி தூக்கிவிடும் காக் பின்கோடு வரைக்கும் போகாமல் அரைக் கோர்ட்டிலேயே தொங்கும். ஸ்மாஷ் அப்போதுதான் வரும். பார்ப்பவர்களுக்கு அந்த ஸ்மாஷ்தான் பாயின்ட் எடுத்த மாதிரி தெரியும். உண்மையில் பாயின்ட் நான்கு அடிக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். எங்கள் கோர்ட்டில் எடுத்த எடுப்பிலேயே ஓங்கி அடிக்கிற பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையாட்டுவார்கள், அடுத்த ராலியிலும் ஓங்கி அடிப்பார்கள்.

ஏதென்ஸ் ஃபைனல்ல மியா அவுதினா எதிர்ல நெதர்லாந்துன்னு போட்டிருக்கே? இந்தோனேசியாதானே?

1994-ல் ஜகார்த்தாவில் ஆடிய அதே மியாதான். 1996 அட்லாண்டாவில் இந்தோனேசியாவுக்காக வெள்ளி வாங்கினார். பிறகு டச்சுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு நெதர்லாந்து போய், அந்த நாட்டுக்காக ஆட ஆரம்பித்தார். ஏதென்ஸிலும் வெள்ளி. ஒரே ஆட்டக்காரர், இரண்டு ஒலிம்பிக் வெள்ளி, இரண்டு நாடு.

2004 ஆகஸ்ட் 19 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஜாங் நிங் முதல் கேமை 8-11 என்று இழந்தார். 1994-லும் முதல் கேமை இழந்துதான் ஆரம்பித்தார். இந்த முறை அடுத்த இரண்டையும் 11-6, 11-7 என்று எடுத்தார். பத்து வருடம் மூன்று மாதம் கழித்துப் பழி தீர்த்தார் என்று எல்லோரும் எழுதினார்கள். கதைக்கு அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த அழகின் மேல் கொஞ்சம் சந்தேகம். ஏன் என்று அடுத்த கேள்வியில்.

ஏதென்ஸ் செமிஃபைனல் செட்டிங்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, சொன்னது வேறு யாரும் இல்லை, சீன அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போவே. அரையிறுதியில் ஜாங் நிங்குக்கு எதிரில் நின்றது இன்னொரு சீன வீராங்கனை ஜோவ் மி. இறுதிக்கு ஜாங் நிங் போவதுதான் நாட்டுக்கு நல்லது என்று முடிவுசெய்து, ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி ஜோவ் மியிடம் சொன்னதாக லி யோங்போ 2008 மார்ச்சில் ஒரு பேட்டியில் ஒத்துக்கொண்டார். அதைக் குற்றம் என்று அவர் சொல்லவில்லை, நாட்டுப்பற்று என்றே சொன்னார்.

இது தனி நிகழ்ச்சியும் இல்லை. சிட்னி அரையிறுதியில் கோங் ஜிசாவிடம் தோற்கும்படி தனக்கும் சொல்லப்பட்டது என்று யே ஜாவோயிங் 2022-ல் டென்மார்க் தொலைக்காட்சி ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார். இறுதியில் டென்மார்க்கின் காமில்லா மார்ட்டின் நின்றதால், அந்த நாட்டுக்காரர்களுக்கு இதில் அக்கறை அதிகம். 2012 லண்டனில் வேண்டுமென்றே தோற்கப் பார்த்ததற்காக நான்கு பெண்கள் இரட்டையர் ஜோடிகளைப் போட்டியிலிருந்து நீக்கினார்களே, அதில் ஒரு ஜோடி சீனா. அந்தப் பழக்கத்தின் வேர் இவ்வளவு பழையது.

ஜோவ் மி ஏதென்ஸில் வெண்கலத்தோடு நின்றார். பிறகு ஹாங்காங் போய், அந்தக் கொடியின் கீழ் உலகத் தரவரிசையில் முதல் இடம் வரை வந்தார். 2010-ல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டு தடை, அத்தோடு ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 'பழி தீர்த்த கதை' எழுதும் யாரும் இவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

அப்போ ஏதென்ஸ் தங்கம் செல்லாதுன்னு சொல்றீங்களா?

இல்லை. உத்தரவு போட்டது பயிற்சியாளர், உத்தரவு போனது ஜோவ் மிக்கு. இறுதியில் மியா யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆட்டத்தை ஜாங் நிங் சொந்தமாகத்தான் ஜெயித்தார். ஆனால் அங்கே நிற்கும் உரிமை ஜோவ் மிக்கும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் போகாது. இவருடைய பெரிய வெற்றி எது என்று யாராவது கேட்டால் நான் ஏதென்ஸைச் சொல்வதில்லை, பெய்ஜிங்கைத்தான் சொல்வேன்.

ஏதென்ஸ்ல 11 பாயின்ட், பெய்ஜிங்ல 21 பாயின்ட். ஏன் அப்படி?

நடுவில் விதி மாறிவிட்டது. பழைய முறையில் சர்வீஸ் போடுபவருக்கு மட்டும்தான் பாயின்ட். சர்வீஸ் வாங்குபவர் ராலியை ஜெயித்தால் சர்வீஸ்தான் கிடைக்கும், பாயின்ட் ஏறாது. பெண்கள் ஒற்றையர் கேம் 11-ல் முடியும். பலகையில் எண் நகராமலே பத்து நிமிடம் ஓடலாம். 2006-ல் புது முறை வந்தது: யார் சர்வீஸ் போட்டாலும் ராலி ஜெயித்தவருக்குப் பாயின்ட், கேம் 21 வரை, 20-20 ஆனால் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும், 30-ல் கட்டாயமாக முடியும். கேமின் நடுவில் 11 வந்ததும் ஒரு நிமிடம் இடைவேளையும் உண்டு.

30-ஐத் தாண்டிய ஆட்டக்காரருக்கு இது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடக்கும். நெட்டில் அடித்தாலும் வெளியே போனாலும் உடனே எதிராளிக்குப் பாயின்ட் என்பதால் புது முறை தவறைப் பொறுக்காது. ஜாங் நிங் அதிகம் தவறு செய்யாத ஆள். ஆட்டமும் சுருங்கியது, அந்த ஒரு நிமிட மூச்சும் கிடைத்தது. அதனால் நல்லதுதான் என்பது என் கட்சி. எப்படியோ, இரண்டு கணக்கு முறையிலும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வாங்கியவர் ஆணிலும் பெண்ணிலும் இவர் மட்டும்தான். லின் டானின் இரண்டு தங்கமும் புது முறையில் வந்தவை.

ஷியே ஷிங்ஃபாங்கிட்ட எப்பவும் தோத்துக்கிட்டே இருந்தாங்க. பெய்ஜிங்ல எப்படி ஜெயிச்சாங்க?

"எப்பவும்" என்பது கொஞ்சம் அதிகம். ஆனால் பெரிய மேடைகளில் அப்படித்தான் இருந்தது. ஷியேவும் சீன வீராங்கனைதான். 1981-ல் பிறந்தவர், இவரைவிடக் கிட்டத்தட்ட ஆறு வயது இளையவர், இவரைவிடவும் உயரம். 2005 உலக சாம்பியன்ஷிப் இறுதி, 2006 உலக சாம்பியன்ஷிப் இறுதி, பேட்மிண்டனின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் 2005, 2006 இறுதி, நான்கிலும் ஜாங் நிங்கைத் தோற்கடித்தவர் அவர்தான். பெய்ஜிங்கில் தங்கம் ஷியேவுக்கு என்று பலர் முடிவே கட்டியிருந்தார்கள்.

2008 ஆகஸ்ட் 16, பெய்ஜிங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அரங்கம். முதல் கேம் ஜாங் நிங் 21-12. இரண்டாவது 10-21. மூன்று கேம் ஆடும் முதியவருக்கு இந்த இடம்தான் கஷ்டம்: இரண்டாவதில் கால் போய்விட்டதா, இல்லை தெரிந்தே கையைத் தளர்த்திக்கொண்டாரா என்று எதிராளிக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. மூன்றாவது 21-18. அன்றைக்கு அவருக்கு 33 வயதும் 89 நாளும்.

மறுநாள் அதே அரங்கில் லின் டான் லீ சோங் வெய்யை 21-12, 21-8 என்று சுருட்டினார். பின்னாளில் ஷியேவைக் கல்யாணம் செய்துகொண்ட அதே லின் டான்தான். ஊர் முழுக்க அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசியதில், முந்தைய நாள் நடந்தது ஓரமாகப் போய்விட்டது.

பெய்ஜிங் ஒற்றையர்ல சீனாவிலேர்ந்து மட்டும் மூணு பேர் ஆடினாங்களாமே, ஒரே நாட்டுலேர்ந்து மூணு பேரா? இப்போ ரெண்டு பேர்தானே போக முடியும்?

அப்போது விதி வேறு. ஒரு நாட்டின் மூன்று பேரும் தரவரிசையில் முதல் நான்கு இடத்துக்குள் இருந்தால் மூவரும் போகலாம். ஜாங் நிங், ஷியே, லு லான் போனார்கள். 2007 உலக சாம்பியன் ஜு லின்னுக்கே இடமில்லை என்றால் உள்ளே எவ்வளவு நெருக்கடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2016 ரியோவிலிருந்துதான் நாட்டுக்கு இரண்டு பேர் என்று ஆனது.

அப்போ பெய்ஜிங் ஃபைனலும் பேசிவெச்சதா இருக்கலாமே?

நியாயமான சந்தேகம். ஆனால் ஏதென்ஸில் அப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது, எதிரே வெளிநாட்டுக்காரர். பெய்ஜிங் இறுதியில் இரண்டு பக்கமும் சீனா. யார் ஜெயித்தாலும் தங்கம் வீட்டுக்குள்ளேதான். விட்டுக்கொடுக்கச் சொல்வதில் யாருக்கும் லாபம் இல்லை. அப்படியே யாராவது கணக்குப் போட்டிருந்தாலும், இன்னும் சில ஆண்டு ஆடக்கூடிய இளையவருக்குச் சாதகமாகத்தான் போட்டிருப்பார்கள், அடுத்து விலகப் போகும் 33 வயதுக்காரருக்கு இல்லை.

சந்தேகப்பட்டே தீருவேன் என்றால் ஷியே ஆடிய அரையிறுதியைக் கேளுங்கள், அங்கே எதிரே நின்ற லு லானும் சீனா. நான்கு ஆண்டு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு அப்படிக் கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது. அந்தப் பழக்கத்தினால் வரும் நஷ்டமே அதுதான், ஒழுங்காக ஜெயித்தவரும் சந்தேகத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது.

ஆல் இங்கிலாந்து ஒரு தடவைகூட ஜெயிக்கல. இவங்களை எப்படி 'கிரேட்'னு சொல்றது?

ஆல் இங்கிலாந்து இல்லை, சரி. ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கமும் இல்லை. 2002-ல் அது ஜோவ் மிக்குப் போனது. வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கோப்பை குவித்தவர்கள் என்று பார்த்தால் ஷியே இவருக்கு மேலே. அதை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

என்ன செய்வது, இந்த ஆட்டத்தில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஒரு வாரத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட விலை அதிகம். அந்த இரண்டு வாரத்தையும் இவர் எடுத்தார். ஷியேவிடம் இருப்பது ஒரு ஒலிம்பிக் வெள்ளி.

ஒற்றையர்ல ரெண்டு தங்கம் முதல்ல லின் டான்தானே?

இல்லை, ஜாங் நிங்தான். லின் டான் இரண்டாவது தங்கத்தை வாங்கியது 2012 லண்டனில், நான்கு ஆண்டு கழித்து. அதற்கப்புறம் டென்மார்க்கின் விக்டர் ஆக்செல்சன், டோக்கியோவிலும் பாரிஸிலும். இரட்டையரையும் சேர்த்தால் இவர் முதல் ஆள் இல்லை: பெண்கள் இரட்டையரில் கே ஃபே - கு ஜுன் ஜோடி 1996, 2000 இரண்டிலும், கலப்பு இரட்டையரில் ஜாங் ஜுன் - காவ் லிங் ஜோடி 2000, 2004 இரண்டிலும் வென்றிருக்கிறார்கள். இந்த இரண்டு ஜோடியும் சீனாதான்.

ரிட்டயர் ஆனப்புறம் என்ன பண்ணாங்க? நம்ம சாய்னா, சிந்துவுக்கும் இவங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பெய்ஜிங்குக்குப் பிறகு ராக்கெட்டை வைத்துவிட்டு, தேசிய அணியின் பெண்கள் ஒற்றையர் பயிற்சியாளர் ஆனார். வாங் யிஹான், வாங் ஷிஷியான், லி ஷுவேருய் எல்லோரும் மேலே வந்த காலம் அது. லண்டன் இறுதி மறுபடியும் சீனாவுக்குள்ளேயே நடந்தது, லி ஷுவேருய் வாங் யிஹானை 21-15, 21-23, 21-17 என்று வென்றார்.

சாய்னா நேவால் 18 வயதில் பெய்ஜிங்கில் ஆடினார். காலிறுதியில் இந்தோனேசியாவின் மரியா கிறிஸ்டின் யூலியாந்தியிடம் 28-26, 14-21, 15-21 என்று தோற்றதால் ஜாங் நிங் வரைக்கும் வரவில்லை. லண்டனில் சாய்னாவின் வெண்கல ஆட்டத்தில் எதிரே நின்றது சீனாவின் வாங் ஷின். வாங் ஷின் முதல் கேமை 21-18 என்று எடுத்து, இரண்டாவதில் 1-0 என்று இருந்தபோது முழங்கால் காயத்தால் விலகிக்கொண்டார். சிந்துவுக்குப் பெய்ஜிங் சமயத்தில் 13 வயது, எதிரெதிரே நிற்க வாய்ப்பே இல்லை. ஆனால் சிந்து பெயர் வாங்கியதே அந்தத் தலைமுறை சீனர்களை வீழ்த்தித்தான். 2012-ல் சீனா மாஸ்டர்ஸில் லி ஷுவேருய், 2016 ரியோ காலிறுதியில் வாங் யிஹான்.

ஒரே ஒரு மேட்ச் பார்க்க நேரம் இருக்கு. எதைப் பார்க்கலாம்?

2008 இறுதி, அதிலும் மூன்றாவது கேம். ஸ்கோரை மறந்துவிட்டு, காக் எங்கே பறக்கிறது என்பதையும் கொஞ்சம் மறந்துவிட்டு, கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு ராலியிலும் யார் கோர்ட் நடுவில் நிற்கிறார், யார் மூலைக்கு ஓடுகிறார் என்று மட்டும் எண்ணுங்கள். பத்து ராலி எண்ணினால் போதும். ஆட்டத்தைப் பற்றி மேலே எழுதியது புரிந்துவிடும்.

எண்ணி முடித்ததும் முதல் கேமுக்கு வந்து அதையே மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் எங்கே மாறுகிறது என்று சொன்னால், அடுத்த டீ என் செலவு.